காலிக் கட்டம்

பத்திரிகைங்களா அது? காலுக்கடியில வெக்காதீங்க, மடியில வெச்சுக்குங்க. மஞ்சள் தடவின பத்திரிகையை மிதிபடற எடத்துல வெக்கக்கூடாது. பொண்ணுக்குங்களா, பையனுக்குங்களா? பொண்ணுக்கா. நல்லதுங்க. ஜாதகம் பாத்துத்தானே முடிச்சீங்க? பாத்துட்டீங்கன்னாச் சரி. அதுல மட்டும் ஏமாந்துறக் கூடாது. நான் எதுக்குச் சொல்றேன்னா, எனக்கு இதுதான் தொழில். தொழிலா இருந்துச்சு. தர்மபுரி தாண்டியாச்சு, இனிச் சேலம் வரைக்கும் தூங்கத்தானே போறீங்க? அதுக்குப் பதிலா இதைக் கேளுங்க.

எம் பேரு நாச்சிமுத்துங்க. ஊரு நாமக்கல். இப்பப் பாலக்கோட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றேன். எம் பையன் எங்கிட்டப் பேசி நாலு வருசமாச்சு. ஒரே பையன். அவங்கம்மா அவன் பத்தாவது படிக்கறப்பவே போய்ச் சேந்துட்டா. அப்புறம் அவனுக்கு ஆக்கிப் போட்டது, துணி தொவச்சுப் போட்டது எல்லாம் இந்தக் கைதான். அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசோணும், ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்கோணும், அதுக்குத்தான் இத்தனை அலைச்சல். அவன் பாலக்கோட்டுல இல்லீங்க, ஓசூர்ல இருக்கறான். பாலக்கோட்டுல இருக்கறது ஒரு பொம்பளை. அட, நீங்க நெனைக்கற மாதிரி ஒண்ணுமில்லீங்க. மொதல்ல இருந்து சொன்னாத்தான் வெளங்கும்.

எங்க சமுதாயத்துக்குன்னு ஒரு திருமணத் தகவல் மையம் இருக்குது. கல்யாண மண்டபத்துக்கு மேல மாடியில ஒரு ரூம்பு. அதுக்கு முன்னால நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வெச்சிருந்தேன். கம்ப்யூட்டர் வந்ததும் அது படுத்துக்கிச்சு. நான் படுக்கலை. நாப்பது வயசுக்கு மேல சின்னப் பசங்களோட பெஞ்சுல உக்காந்து டேட்டாபேஸ் கத்துக்கிட்டேன். மையத்துத் தலைவர் என்னையக் கூப்புட்டு, நோட்டுல இருக்கறதையெல்லாம் பொட்டிக்குள்ள போட்டுருங்கன்னாரு. போட்டேன். சுத்துப்பட்டுல இருக்கற எங்க ஆளுங்க பொண்ணு, பையன் அத்தனை பேரும் எங் கைக்குள்ள வந்துட்டாங்க.

நீங்க கொயரின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா. நமக்கு வேண்டியதை வேண்டியபடி டேட்டாபேஸ்கிட்டக் கேக்கறதுக்குப் பேருதான் கொயரி. மேல வரிசையாக் கட்டம் இருக்கும். வயசு, ஊரு, படிப்பு, நட்சத்திரம், தோஷம். ஒவ்வொரு கட்டத்துக்குங் கீழயும் நம்ம நிபந்தனையை அடிக்கோணும். இத்தனை வயசுக்குள்ள, டிகிரி முடிச்சிருக்கோணும், தோஷம் 'உண்டு'ன்னு இருக்கக்கூடாது, இப்படி. அடிச்சுப்போட்டு மேல செவப்பா ஒரு ஆச்சரியக்குறி இருக்கும், அதை அமுக்கோணும். அமுக்கினா ஆயிரக்கணக்குல இருக்கற பொண்ணுங்கள்ல நீங்க கேட்டவங்க மட்டும் வந்து வரிசையா நிப்பாங்க. மத்தவங்க எங்க போனாங்கன்னு கேக்காதீங்க. அவங்க அங்கயேதான் இருப்பாங்க. நம்ம கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க, அவ்வளவுதான்.

பையன் வீட்டுக்காரங்க வருவாங்க. வந்து எதுத்தாப்புல உக்காந்துட்டு, "பொண்ணு நல்ல பொண்ணா இருக்கோணுங்க"ம்பாங்க. நல்ல பொண்ணுன்னு ஒரு கட்டமே கெடையாதுங்க, கட்டத்துல இருக்கறதைச் சொல்லுங்கம்பேன். அப்புறம் வழிக்கு வருவாங்க. பிரிண்ட் எடுத்துக் கையில குடுத்தா கும்புட்டு வாங்குவாங்க. டாக்டர் சீட்டைக்கூட அப்படி வாங்க மாட்டாங்க.

அதுல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. யாரும் எனக்குச் சொல்லித் தரலை, நானாக் கண்டுபிடிச்சது. தோஷம்ங்கற கட்டத்தைக் காலியா வுட்டுட்டீங்கன்னு வெச்சுக்குங்க. கம்ப்யூட்டர் அதை 'இல்லை'ன்னு எடுத்துக்காது. 'உண்டு'ன்னும் எடுத்துக்காது. தெரியாதுன்னு எடுத்துக்கும். 'உண்டு'ன்னு இருக்கறவங்களைக் கொண்டான்னா அந்தப் பொண்ணு வராது. செரி, 'உண்டு'ன்னு இல்லாதவங்களைக் கொண்டான்னாலும் வராது. காலிக் கட்டம் எந்த லிஸ்ட்டுலயும் ஏறாது. காலியா இருக்கறதையும் சேத்துக் கொண்டான்னு தனியா ஒரு வார்த்தை அடிச்சாத்தான் வரும். ரெண்டாம் வருசமே எனக்கு இது தெரிஞ்சு போச்சு. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சுங்க, எத்தனை அறிவாச் செஞ்சிருக்கறான் வெள்ளைக்காரன்னு.

அந்த வார்த்தையை நீங்க அடிச்சீங்களான்னு கேக்கறீங்க. எதுக்குங்க அடிக்கோணும்? காலியா வுட்டது யாரு, நானா? பொண்ணைப் பெத்தவன் வுட்டது. பையன் வீட்டுக்காரன் தெளிவா இருக்கறதைத்தான் கேக்கறான். அவனுக்குப் போயித் 'தெரியாது'ன்னு ஒரு பொண்ணை நான் எப்படிக் குடுக்கறது?

இப்படிக் காலியா வுட்டவங்கள்ல ஒருத்தரு சென்னியப்பன். லைன்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. பொண்ணு பேரு இந்துமதி. கோழிக்குஞ்சு பொரிக்கற பண்ணையில கணக்கு எழுதிட்டிருந்துச்சு. பாக்க லட்சணமாத்தான் இருக்கும், அதை நான் மறுக்கலை. பதியறதுக்கு வந்தப்பவே கேட்டேன், ஜாதகம் எங்கன்னு. இல்லைன்னாரு. பொறந்த தேதி இருக்குது, நேரம் தெரியாதுன்னாரு. நேரம் தெரியாம ஜாதகம் எப்படிங்க எழுதறது? பெத்த தகப்பனுக்குப் பொண்ணு பொறந்த நேரம் தெரியாதுங்களான்னேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில டெம்போவுலயே பொறந்துருச்சுங்க. அவங்கம்மா கண்ணை மூடிட்டிருந்தா. நான் அவளைப் பாக்கறதா, மணியைப் பாக்கறதா?"

அப்படின்னாரு. அந்தம்மா அதோட சரி, கண்ணைத் தெறக்கவே இல்லையாம். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நானும் மனுசன்தானே. ஆனா சித்த ரோசிச்சுப் பாருங்க. டெம்போ டிரைவர் கையில ஒரு வாட்ச் இருந்திருக்காதா? கூட வந்த பொம்பளைங்க ஒருத்தர்கூடவா மணி பாக்கலை? ஒரு புள்ளையோட வாழ்க்கைங்க அது. சரி, 'தெரியாது'ன்னு எழுதறதுக்கு அங்க எடமில்லை, காலியா வுட்டுட்டுப் போங்கன்னு சொல்லிப்போட்டேன்.

மனுசன் மாசாமாசம் ஒரு ஞாயித்துக்கெழமை வந்துருவாரு. பொண்ணு வேலை செய்யற எடத்துல இருந்து ஒரு அட்டை முட்டை கொண்டு வருவாரு. பெஞ்சுல உக்காந்து எல்லாரும் போற வரைக்கும் காத்திருந்து, "எம் பொண்ணுக்கு ஏதாச்சும் வந்துச்சுங்களா?"ம்பாரு. வந்தாச் சொல்ல மாட்டனா, நேரம் வரோணுமில்லங்கன்னு சொல்லி அனுப்புவேன். பொய் இல்லீங்களே? அவர் பொண்ணுக்கு நேரந்தான் இல்லை. முட்டையை வாங்கிக்குவேன். வேண்டாம்னா மனசு கஷ்டப்படுவாரு. ஆறு வருசம் இப்படி வந்துட்டிருந்தாரு. கடைசியில மூச்சு வாங்கிட்டுத்தான் படியேறுவாரு.

ஒருதடவை கேட்டாரு, எம் பொண்ணு பேரு கம்ப்யூட்டர்ல இருக்குதுங்களான்னு. பாவம், சந்தேகம் வந்துருச்சு. பதிஞ்சவங்க எல்லாரும் மொத்தமா இருக்கற பட்டியலுக்கு டேபிள்ம்போம், அதைத் தெறந்து காட்டினேன். போட்டோவோட இருக்குதே. கண்ணாடியைப் போட்டு உத்துப் பாத்தாரு. பாத்துட்டுக் கையெடுத்துக் கும்புட்டுப் போட்டுப் போனாரு.

இனி எம் பையன் கதைக்கு வர்றேன். பேரு கிருபாகரன். லாரிக்கு பாடி கட்டற பட்டறையில வேலை. நல்ல வேலைக்காரன். ஞாயித்துக்கெழமை எனக்குச் சோறு கொண்டு வருவான், அப்படியே உக்காந்து போட்டோ எல்லாம் ஸ்கேன் பண்ணி, லிஸ்ட்டும் பிரிண்ட் எடுத்துக் குடுப்பான். அவனுக்குன்னு நான் ஒரு கொயரி எழுதி வெச்சிருந்தேங்க. அதை மாதிரி ஒரு கொயரியை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. தோஷம் இருக்கக்கூடாது. அண்ணந் தம்பி உள்ள பொண்ணா இருக்கோணும், நாளைக்கு ஒண்ணுன்னா வந்து நிக்கறதுக்கு. அம்மா உசுரோட இருக்கோணும். ஏன்னா எங்கூட்டுல பொம்பளை இல்லை, பிரசவம் பாக்கறதுக்கு அவங்கம்மாதானே வரோணும்? எல்லாத்தையும் முன்னாலயே ரோசிச்சு வெச்சேன். மாசாமாசம் ஓட்டிப் பாப்பேன். அவனுக்குக் காட்டினா, பாக்கலாம்ப்பாம்பான். 

ஒரு ஞாயித்துக்கெழமை நான் சாப்புட்டு வெத்தலை வாங்கக் கீழ எறங்கிட்டேன். வந்து பாத்தா இவன் டேபிளையே தெறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கறான். டேபிளைத் தெறந்தா எல்லாருமே தெரிவாங்கல்ல. இந்துமதி போட்டோ இருக்குது.

"ஏம்ப்பா, இந்தப் பொண்ணு இத்தனை வருசமாவா இருக்குது? நான் பிரிண்ட் எடுத்துக் குடுத்த எந்த லிஸ்ட்டுலயும் இது வந்ததே இல்லையே"ன்னான்.

எனக்கு ஒரு பெருமை வந்துருச்சு. நம்ம பையன் கவனிச்சுட்டானேன்னு. காலிக் கட்டம் எப்படி எந்த லிஸ்ட்டுலயும் வராதுன்னு உக்கார வெச்சு வெளக்கமாச் சொன்னேன். கேட்டுட்டே இருந்தவன் மூஞ்சி மாறிப்போச்சு.

"இது தெரிஞ்சுமாப்பா நீங்க அந்தாளைப் பெஞ்சுல உக்கார வெச்சு அனுப்பிட்டு இருந்தீங்க?"

அப்பனைப் பாத்துக் கேக்கற கேள்வியாங்க இது? நான் யாரையும் ஒளிச்சு வெக்கலைடா, டேபிளைத் தெறந்தா அந்தப் பொண்ணு இருக்குதுன்னேன். டிபன் கேரியரைத் தூக்கிட்டுப் போயிட்டான். அடுத்த வாரமே அந்தப் பண்ணைக்குப் போயி அந்தப் பொண்ணைப் பாத்திருக்கறான். அது எனக்குத் தெரியாது. ரெண்டு மாசங் கழிச்சு, சோத்துல கையை வெச்சுட்டு, இந்துமதியைக் கட்டிக்கறேன்னான்.

நான் கத்தலீங்க. பக்குவமாத்தான் சொன்னேன். ஆறு வருசமா ஒருத்தன்கூடக் கேக்காத பொண்ணைப் போயி நாம எடுக்கறதா, அதுல ஏதோ இருக்குது, இல்லைன்னா இத்தனை வருசம் யாரும் கேக்காம இருப்பாங்களான்னு. அதுக்கு அவன், "நீங்க யாருக்குமே காட்டலையேப்பா"ன்னான். பாருங்க, இதுதான் இந்தக் காலத்துப் பசங்க. எதுக்கெடுத்தாலும் எதுத்துப் பேசறது. நான் சொல்ற விசயம் என்ன, இவன் பேசற பேச்சு என்ன?

சென்னியப்பனுக்கு ஒரே சந்தோசம். முட்டை அட்டை ரெண்டா வந்துச்சு அந்த மாசம். சம்பந்தின்னு கூப்புடலை, ஆனா கூப்புடற மாதிரி ஒரு பார்வை.

அப்பத்தானுங்க ரோசிச்சேன். கட்டம் காலியா இருக்கறதுனாலதானே இந்தத் தொந்தரவு? தெரியாதுன்னா என்னங்க அர்த்தம்? இருந்தாலும் இருக்கும்னு அர்த்தம். இருந்தாலும் இருக்கும்னா இருக்குதுன்னே வெச்சுக்கறதுதானே நல்லது? ஆத்துல ஆழம் தெரியலைன்னா எறங்காம இருக்கறமில்ல. அப்டேட் கொயரின்னு ஒண்ணு இருக்குது. அது எடுத்துக் காட்டற கொயரி இல்லை, மாத்தற கொயரி. தோஷம் கட்டம் காலியா இருந்தா அதை 'உண்டு'ன்னு மாத்துன்னு எழுதினேன்.

இதை நீங்க கவனிக்கோணும். அவ ஒருத்திக்கு மட்டும் எழுதியிருக்கலாம். பேரைப் போட்டு அவ ஒரு வரியை மட்டும் மாத்தறது எனக்கு ஒரு நிமிச வேலை. நான் அப்படிச் செய்யலை. அது அநியாயம். ஒருத்திக்கு ஒரு நியாயம், இன்னொருத்திக்கு ஒரு நியாயமா? காலியா வுட்ட எல்லாப் பொண்ணுங்களுக்கும் சேத்துத்தான் எழுதினேன். எனக்கு எல்லாப் பொண்ணும் ஒண்ணுதான். அமுக்கினதும் பொட்டி கேக்கும், இத்தனை வரியை மாத்தப் போறே, மாத்தினா அப்புறம் திரும்ப எடுக்க முடியாது, சம்மதமான்னு. முப்பது சொச்சம் வரி. சம்மதம்னு அமுக்கினேன்.

தோஷம் உண்டுங்கற பொண்ணுங்க லிஸ்ட்டு தனியாப் போகும். தோஷம் உள்ள பையனுங்களுக்குப் போகும். வயசு கொஞ்சம் தாண்டின பொண்ணுங்கன்னா, பொண்டாட்டியை எழந்தவங்க, மறுமணம் கேக்கறவங்க எல்லாருக்கும் போகும். ஆறு வருசமா யார் கண்ணுலயும் படாத பொண்ணு ஒரே வாரத்துல எத்தனையோ வீட்டுக்குப் போயிருச்சு. நல்லதுதானுங்களே? போன் வந்துட்டே இருந்திருக்குது அவங்க வீட்டுக்கு. பேரன் எடுத்தவன் ஒருத்தன்கூடப் பேசியிருக்கறான்.

சென்னியப்பன் ஓடி வந்தாரு. அன்னைக்கு ஞாயித்துக்கெழமைகூட இல்லை. பெஞ்சுல உக்காரலை. எம் பொண்ணுக்குத் தோஷம்னு யாருங்க சொன்னதுன்னு கேட்டாரு. கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். பழையபடி கண்ணாடியைப் போட்டு உத்துப் பாத்தாரு. காலியா இருந்த எடத்துல இப்ப எழுத்து இருக்குதில்ல. கண்ணாடியைக் கழட்டிட்டுப் படியெறங்கிட்டாரு.

அதோட வுட்டுறக் கூடாதுன்னு, நானே ஒருநா அவங்க ஊட்டுக்குப் போனேன். ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனைப் பாக்கற மாதிரித்தான் போனேன். பழம்கூட வாங்கிட்டுப் போனேன். சொன்னேன், ஏனுங்க, எம் பையன் சுத்த ஜாதகம். தோஷம் உள்ள பொண்ணைக் கட்டினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாததில்லை. பொறந்தப்பவே தாயை முழுங்கின பொண்ணு. எம் பையனையும் முழுங்கிட்டா எனக்கு வேற பையன் இல்லீங்கன்னேன்.

உள்ள இருந்து அந்தப் பொண்ணு சொம்புல தண்ணி கொண்டு வந்துட்டிருந்துச்சு. நெலைக்கதவுகிட்டயே நின்னுருச்சு. அதுக்குக் கேக்கோணும்னு நான் சொல்லலை, கேட்டுருச்சு. தண்ணியை எம் முன்னால வெச்சுட்டு, "தோஷம் இருக்குதுன்னு நெசமாவே வந்துச்சுங்களா, மாமா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமா அம்மிணி. கம்ப்யூட்டர்லயே இருக்குது"ன்னேன்.

நான் பொய் சொன்னேன்னு எம் பையன் சொல்றான். எதுங்க பொய்? கம்ப்யூட்டர்ல இருந்துச்சா இல்லையா?

அன்னைக்கே அவ இவன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டா. இவன் போயி மன்னாடியிருக்கறான். எங்கப்பன் டைப் அடிச்சதுதான் உன்ற தோஷம், வேற ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருக்கறான். பெத்த அப்பனை இப்படிக் காட்டிக் குடுத்திருக்கறான். அதுக்கு அவ சொன்னாளாம், "இல்லாமத்தான் இருக்கும். ஒருவேளை இருந்துட்டா? எங்கம்மா போறப்பவும் யாருக்கும் தெரியாதுதானே"ன்னு. நல்ல பொண்ணுங்க. எம் பையன் உசுரு மேல அவளுக்கு அக்கறை. அந்த அளவுக்கு நான் அவளை மெச்சத்தான் செய்யறேன்.

அவ கல்யாணம் நான் குடுத்த லிஸ்ட்டுல இருந்துதான் ஆச்சு. பாலக்கோட்டுல தக்காளி மண்டி வெச்சிருக்கறாரு, மூத்த சம்சாரம் போயி ரெண்டு கொழந்தைங்க. வயசு கொஞ்சம் கூட. ஆனா சொந்த வீடு. கல்யாணத்துக்குப் போயிச் சாப்புட்டு மொய் எழுதிட்டுத்தான் வந்தேன். சென்னியப்பன் எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை நன்றி சொல்லலை. நானும் எதிர்பாக்கலைன்னு வெச்சுக்குங்க. அடுத்த வருசமே அவரு போய்ச் சேந்துட்டாரு. பொண்ணைக் கரை சேத்துட்டோம்ங்கற நிம்மதியில போயிருப்பாரு.

எம் பையன் அந்தக் கல்யாணத்தன்னைக்கே துணியை மடிச்சு எடுத்துட்டு ஓசூருக்குப் போயிட்டான். போறப்ப எம் மூஞ்சியைக்கூடப் பாக்கலை. போன் பண்ணினா எடுக்க மாட்டான். வேற நம்பர்ல இருந்து பண்ணினா, எங் கொரலைக் கேட்டதும் வெச்சுருவான்.

இதுல என்ற வேலையும் போயிருச்சுங்க. இந்துமதியாலன்னு நெனைச்சுக்காதீங்க, அவளைப் பத்தி ஒருத்தரும் கேக்கலை. அந்த முப்பது சொச்சத்துல தலைவரோட தங்கச்சி பொண்ணு ஒண்ணு இருந்திருக்குது. நிச்சயம் வரைக்கும் வந்த எடம், தோஷம்னு தெரிஞ்சு நின்னு போச்சு. தலைவர் என்னையக் கூப்புட்டுச் செருப்பைக் கழட்டாத கொறைதான். அத்தனை வருச உழைப்புக்கு அன்னைக்குச் சாயங்காலமே சாவியை வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் என்ன பண்ணினாங்க தெரியுங்களா? தங்கச்சி பொண்ணு வரியை மட்டும் தேடி 'இல்லை'ன்னு மாத்திக்கிட்டாங்க. மத்த பொண்ணுங்க எல்லாம் அப்படியே 'உண்டு'ல இருக்குது. இதைத்தான் நான் அநியாயம்ங்கறேன். நான் செஞ்சப்ப எல்லாருக்கும் ஒரே மாதிரி செஞ்சேன்.

அதை வுடுங்க. எனக்கு வேலை வேண்டாம், பையன் பேசினாப் போதும். அவனுக்கும் வயசு போயிட்டே இருக்குதில்ல. ஒரு நல்ல எடம் வந்திருக்குதுங்க இப்ப. பொண்ணுக்கு அம்மா இருக்கறாங்க, ரெண்டு அண்ணனுங்க. இவன் சரின்னு ஒரு வார்த்தை சொன்னா முடிச்சுருவேன். யார் சொன்னாக் கேப்பான்னு ரோசிச்சேன். ஒரே ஒருத்தி சொன்னாத்தான் கேப்பான். அதனால இன்னைக்குக் காலையில மொத பஸ்ஸைப் புடிச்சுப் பாலக்கோட்டுக்குப் போனேன்.

வீட்டுல அவ மட்டுந்தான் இருந்தா, வீட்டுக்காரரு மண்டிக்குப் போயிருந்தாரு. சின்னக் கொழந்தை ஒண்ணு சித்தி சித்தின்னு சேலையைப் புடிச்சுட்டே திரியுது. கொஞ்சம் எளைச்சிருக்கறா. என்னையப் பாத்ததும் வாங்கன்னு சொன்னா, நாற்காலியை எடுத்துப் போட்டா. மாமான்னு சொல்லலை, அதைக் கவனிச்சேன். காப்பி குடுத்தா. நான் சுத்தி வளைக்கலை. எம் பையன் உன்ற பேரைச் சொல்லிட்டுத்தான் இப்படி ஒத்தையா நிக்கறான். நீ பேசி அவனைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வெக்கோணும். நீயுந்தான் நல்லா இருக்கறே, கொழந்தை குட்டின்னு குடும்பம் ஆயிருச்சு. அவனும் நல்லா இருக்கோணுமில்ல அம்மிணின்னேன். தக்காளிக் கூடை ஒண்ணு பக்கத்துல இருந்துச்சு, அதுல அழுகினதைப் பொறுக்கி வெளிய வெச்சுட்டே கேட்டுட்டு இருந்தா.

அப்புறம் கையைக் கழுவிட்டு வந்து, நம்பர் சொல்லுங்கன்னா. சொன்னேன். அவ போன்ல இருந்து அடிச்சா. எடுத்துட்டான்.

"நான் இந்துமதி பேசறேன்."

அவன் என்ன சொன்னான்னு எனக்குக் கேக்கலை. இவ, நல்லா இருக்கறேன்னா. அப்புறம், "உங்கப்பா வந்திருக்கறாரு. உங்ககிட்டப் பேசோணுமாம்"னு சொல்லிப் போனை எங்கிட்ட நீட்டினா.

நான் பேசறதுக்கு முன்னாலயே அவன், "அப்பா"ன்னான். நாலு வருசங் கழிச்சுங்க. சொல்லு கண்ணுன்னேன். 

"அவகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"ன்னான்.

நான் அவளைப் பாத்தேன். கொழந்தையைத் தூக்கி இடுப்புல வெச்சுட்டுச் சுவரோரமா நின்னு என்னையவே பாத்துட்டிருந்தா. அவ மூஞ்சியில ஒண்ணும் இல்லை. கோவமும் இல்லை, அழுகையும் இல்லை.

"எதுக்குப்பா?"ன்னேன்.

நெசமாவே தெரியாமத்தானுங்க கேட்டேன். அவன் வெச்சுட்டான்.

அவ வந்து எங் கையில இருந்து போனை வாங்கினா. முந்தானையில தொடைச்சா. பஸ்ஸு இப்ப ஒண்ணு இருக்குதுங்க, கெளம்புங்கன்னு சொல்லிட்டு அவ பாட்டுக்கு உள்ள போயிட்டா. கதவைச் சாத்தற சத்தம் கேட்டுச்சு. அந்த நல்ல எடத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. அதுக்காகத்தானே அத்தனை தூரம் போனேன்.

இப்ப ஒரு ஒத்தாசை பண்ணுங்க. உங்க போன்ல இருந்து அவனுக்கு ஒரு போன் போடுங்க. எங் கொரலைக் கேட்டா வெச்சுருவான், நீங்களே பேசுங்க. நீங்களும் பொண்ணைக் கட்டிக் குடுக்கப் போறவரு, உங்களுக்கு மதிப்புக் குடுப்பான். வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். எதுக்கு மன்னிப்புன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க.